முதல் ஹிட்டுக்கும் அடுத்த ஹிட்டுக்கும் நடுவே பாட்சி கிளைனுக்கு என்ன ஆனது?

பாட்சி கிளைன் ஒரு அமெரிக்கக் கன்ட்ரி பாடகி; கன்ட்ரி என்பது அங்குள்ள நாட்டுப்புறச் சாயல் கொண்ட இசை. கேள்வி இதுதான்: "பாட்சி கிளைன் 1957இல் அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்ட ஒரு பாட்டைக் கொடுத்தார். அடுத்த வெற்றி 1961இல்தான். நடுவில் நான்கு வருடம் என்ன ஆனது? கம்பெனி ஏமாற்றியதா, இல்லை குரல் இன்னும் தேறவில்லையா?" நீங்கள் உண்மையில் கேட்பது வேறு ஒன்று என்று எனக்குப் படுகிறது. நல்ல குரல் உள்ள ஒருவரை ஒரு காகிதம் கட்டிப்போட முடியுமா? முடியும். பாட்சி விஷயத்தில் பெருமளவு நடந்தது அதுதான். ஆனால் "ஒப்பந்தம் முடிந்தது, விடுதலை கிடைத்தது, உடனே ஜெயித்தார்" என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்களே, அது பாதிக் கதை. மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடங்களில் சவுண்ட் இன்ஜினியராக வேலை பார்த்தவன். பாடகர்களின் ஒப்பந்தக் காகிதங்களும் அவ்வப்போது என் கண்ணில் பட்டிருக்கின்றன. ஆனால் நான் வக்கீல் இல்லை. குரலைப் பற்றியும் பதிவைப் பற்றியும் நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட அளவுதான்.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் அந்தக் காகிதத்தில் ஏன் கையெழுத்துப் போட்டார் என்பது புரியாது. 1932 செப்டம்பர் 8 அன்று வர்ஜீனியா மாநிலத்து வின்செஸ்டரில் பிறந்தார். இயற்பெயர் வர்ஜீனியா பாட்டர்சன் ஹென்ஸ்லி. அப்பா கொல்லர், வேலை கிடைக்கிற இடமெல்லாம் குடும்பமும் கூடவே போனது. அவருக்குப் பதினாறு வயது ஆவதற்குள் பத்தொன்பது முறை வீடு மாறியதாகச் சொல்வார்கள். 1947இல் அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா ஹில்டா தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றினார். மூத்த பெண்ணான இவர் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருந்துக் கடையில் சோடா கவுன்ட்டரில் வேலைக்கு நின்றார். பகலில் கடை, இரவில் எந்த மேடை கிடைத்தாலும் பாட்டு. மேடையில் போட்ட ஜாலர் வைத்த கௌபாய் உடுப்புகள் எல்லாம் அம்மா தைத்தவை. 1952இல் பில் பியர் என்பவரின் குழுவில் சேர்ந்தபோது, பாட்டர்சன் என்ற நடுப்பெயரிலிருந்து 'பாட்சி' வந்தது. மறு வருடம் ஜெரால்ட் கிளைனைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை, பெயர் மட்டும் நிலைத்தது.

1954 செப்டம்பரில் கலிபோர்னியாவிலிருந்த ஃபோர் ஸ்டார் என்ற சிறிய கம்பெனியோடு கையெழுத்துப் போட்டார். முதலாளி பில் மெக்கால். தட்டு விற்பனையில் பாடகிக்கு வரும் பங்கு, அதாவது ராயல்டி, 2.34 சதவீதம். அன்றைய வழக்கத்தில் ஏறக்குறைய பாதி. பதிவுக்கூடச் செலவும் அதிலிருந்தே கழியும். ஆனாலும் என்னைக் கேட்டால் இந்த ராயல்டி விகிதம் பெரிய விஷயமே இல்லை. புதுப் பாடகர்களுக்கு எல்லா ஊரிலும் குறைத்துத்தான் கொடுப்பார்கள். கழுத்தைப் பிடித்தது இன்னொரு நிபந்தனை: மெக்காலின் இசைப் பதிப்பகத்துக்கு (பாடல்களின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம்) சொந்தமான பாடல்களை மட்டுமே அவர் பதிவுசெய்யலாம்.

இது ஏன் அவ்வளவு கொடுமையான நிபந்தனை என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் பாட்டு ஒன்றுக்கு 2 சென்ட் அந்தப் பாட்டின் உரிமையாளருக்குப் போக வேண்டும். வழக்கமாக இதைப் பதிப்பகமும் எழுதியவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். தட்டில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு பாட்டு. ஆகவே பதிப்பகத்துக்கு ஒரு தட்டுக்கு 2 சென்ட். ஒரு டாலருக்குள் விற்கும் அந்தத் தட்டில் பாடகியின் 2.34 சதவீதம் என்பதும் ஏறத்தாழ அதே 2 சென்ட்தான், செலவு கழிப்பதற்கு முன்னால். அதாவது பாட்டு யாருடையது என்பதிலேயே பாடகியின் சம்பளத்துக்கு ஈடான பணம் இருந்தது. அதனால் மெக்காலுக்கு வேண்டியது தன் பெட்டியில் இருக்கும் பாட்டு. அது நல்ல பாட்டா என்பது அதற்கு அடுத்த கேள்வி. போதாக்குறைக்கு, டபிள்யூ. எஸ். ஸ்டீவன்சன் என்ற புனைபெயரில் பல பாடல்களில் எழுதியவர் பங்கிலும் அவர் தன்னைச் சேர்த்துக்கொண்டார். கெட்டிக்கார எழுத்தாளன் எவனாவது தன் நல்ல பாட்டை இந்தப் பெட்டியில் கொண்டுபோய்ப் போடுவானா?

குரல் தேறவில்லையா என்ற உங்கள் சந்தேகத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ஃபோர் ஸ்டார் பதிவுகளை டெக்கா என்ற பெரிய கம்பெனி குத்தகைக்கு எடுத்து வெளியிட்டது. பதிவை நடத்தியவர், கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரத்து ஓவன் பிராட்லி. 1955இல் பாட்சியின் முதல் பதிவை நடத்தியவரும் அவர்தான். 1961இல் அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். வாசித்தவர்களில் பலர் இரண்டு காலத்திலும் அதே நாஷ்வில் ஆட்கள். பாடகியும் அதே பாடகி, மேற்பார்வையும் அதே பிராட்லி, ஊரும் அதே ஊர். ஆகவே குறை குரலில் இல்லை. 1955 முதல் 1960 வரை ஃபோர் ஸ்டாருக்காகப் பாடியவை 51 பாட்டு. அதில் பெரிதாக ஓடியது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றுதான் 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்'. அதுவே பாட்சிக்குப் பிடிக்காத பாட்டு. இது வெறும் பாப் பாட்டு, என் வகை இல்லை என்று மறுத்தார். வேறொரு பாடகிக்காக எழுதப்பட்டுத் திரும்பி வந்த பாட்டு அது. 1957 ஜனவரி 21 அன்று ஆர்தர் காட்ஃப்ரேயின் தொலைக்காட்சித் திறமைப் போட்டிக்கு நியூயார்க் போனார். போட்டியாளரை வேறொருவர் கண்டுபிடித்து அழைத்து வர வேண்டும் என்பது நிகழ்ச்சியின் விதி. அழைத்து வந்தவர் ஹில்டா. தாய் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா தைத்த கௌபாய் உடுப்பைப் போடப் போனவரை நிகழ்ச்சிக்காரர்கள் தடுத்து, விருந்துக்குப் போடுகிற மாதிரி கவுன் போடச் சொன்னார்கள். பாட்டையும் அவர்களே முடிவு செய்தார்கள். பாடி முடித்தபோது கைதட்டலை அளக்கும் முள் உச்சத்தில் போய் நின்றது. இசைத்தட்டு அப்போது கடைக்கே வரவில்லை. பிப்ரவரியில் அவசர அவசரமாக வெளியிட்டார்கள். கன்ட்ரி பட்டியலில் 2ஆம் இடம், பாப் பட்டியலில் 12ஆம் இடம்.

அப்புறம் வந்த வருடங்கள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தட்டு வரும், போகும், பட்டியலில் ஏறாது. 1957 செப்டம்பரில் சார்லி டிக்கை மறுமணம் செய்துகொண்டார். 1958இல் மகள் பிறந்தாள். சில காலம் மேடையைக் குறைத்துக்கொண்டார். 1959இல் நாஷ்வில்லுக்குக் குடிவந்தார்.

இந்த இடத்தில் நியாயமாக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, வேறு பெரிய கம்பெனி எதுவும் கூப்பிடாத நேரத்தில் அவரைப் பதிவுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது மெக்கால்தான். அந்த ஒரே ஹிட்டும் மெக்காலின் பெட்டியிலிருந்து வந்ததுதான். இன்னொன்று, அந்த வருடங்கள் கன்ட்ரி இசைக்கே கெட்ட காலம். எல்விஸ் வந்து இளைஞர்களை எல்லாம் ராக் அண்ட் ரோல் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். நாஷ்வில்லில் யாருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தக் காலத்துப் பாட்சியின் பதிவுகளை வரிசையாகக் கேட்டால் இது காதில் விழும். ஒன்று தேவாலயப் பாட்டு, ஒன்று ராக், ஒன்று அழுகைப் பாட்டு. பிராட்லி எதையெதையோ போட்டுப் பார்க்கிறார். அதோடு, பெண் பாடினால் தட்டு விற்காது என்ற எண்ணம் வேறு. 1952இல் கிட்டி வெல்ஸ் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த பிறகும் அந்த எண்ணம் முழுசாகப் போகவில்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அந்த நான்கு வருடத்தில் பாட்சி ஜெயித்திருப்பாரா என்று கேட்டால், ஒன்றிரண்டு பாட்டு ஓடியிருக்கும் என்பதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். அதுகூட என் ஊகம்தான்.

1960இல் சூழ்நிலை மாறியது. ஜனவரியில் கிராண்ட் ஓலே ஆப்ரியில் உறுப்பினரானார். கன்ட்ரி பாடகர்களுக்கு அதைவிடப் பெரிய மேடை கிடையாது. அதைத் தானே போய்க் கேட்டு வாங்கினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஃபோர் ஸ்டார் ஒப்பந்தம் அந்த வருடம் முடிந்து டெக்காவோடு நேரடியாகச் சேர்ந்தார். இதற்கிடையில் 1958இல் பிராட்லியே டெக்காவின் நாஷ்வில் பிரிவுக்குத் தலைவராகியிருந்தார். இனி மேலே யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஊரில் புதிதாக எழுத வந்திருந்த ஹாங்க் காக்ரன், ஹார்லன் ஹோவர்ட், வில்லி நெல்சன் போன்றவர்களின் பாட்டெல்லாம் பாட்சிக்கு வர வழி திறந்தது.

இங்கேதான் "விடுதலை கிடைத்தது" கதை எனக்கு ஒட்டவில்லை. கதவு திறந்தது உண்மை. ஆனால் எதைப் பாடுவது என்று முடிவு செய்தவர் பாட்சி இல்லை, பிராட்லி. காக்ரனும் ஹோவர்டும் எழுதிய 'ஐ ஃபால் டு பீசஸ்' வேறு பாடகர்கள் வேண்டாம் என்று விட்ட பாட்டு. பாட்சிக்கும் அது பிடிக்கவில்லை. ஜார்டனேர்ஸ் என்ற ஆண் கோரஸ் குழு பின்னால் பாடினால் தன் குரல் அமுங்கிவிடும் என்று பயந்தார். 1960 நவம்பர் 16 அன்று பதிவு. வெளியான பிறகும் மாதக்கணக்கில் அசையவில்லை, மெதுவாக ஏறி 1961 ஆகஸ்டில் கன்ட்ரியில் முதலிடம், பாப்பில் 12. நடந்ததைக் கோத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது: பாட்சியின் காது கன்ட்ரியை மட்டுமே தன் வீடாக நினைத்தது. அவர் தொண்டைக்கு அதைவிடப் பெரிய இடம் உண்டு என்று பிராட்லி கண்டுபிடித்துவிட்டார். பாட்சி சண்டை போட்டார். சண்டை போட்டுவிட்டு, பாட நின்றதும் முழு மனசோடு பாடினார். பதிவுக்கூடத்தில் அந்தக் குணம் எவ்வளவு அபூர்வம் என்பது எனக்குத் தெரியும். பிடிக்காத பாட்டைப் பாடும் குரலில் அந்த வெறுப்பு மைக்கில் அப்படியே விழும். அவருடைய பதிவில் அது ஒரு துளிகூட இல்லை.

அந்தப் பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே, 1961 ஜூன் 14 அன்று நாஷ்வில்லில் கார் விபத்து. தம்பி ஓட்டினார். நேருக்கு நேர் மோதியதில் பாட்சி முன்கண்ணாடியில் போய் விழுந்தார். நெற்றி கிழிந்தது, மணிக்கட்டு முறிந்தது, இடுப்பு மூட்டு விலகியது. ஒரு மாதம் ஆஸ்பத்திரி. நெற்றித் தழும்பை விக்காலும் மேக்கப்பாலும் கடைசிவரை மறைக்க வேண்டியிருந்தது. ஊன்றுகோலோடு ஆகஸ்டில் திரும்பவும் பதிவுக்கூடத்துக்கு வந்தார்.

ஆகஸ்ட் 21 பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. பாட்டு, வில்லி நெல்சன் எழுதிய 'கிரேஸி'. வில்லியின் மாதிரிப் பதிவில் அவர் பாதி பேசுவதுபோல, தாளத்துக்கு முன்னும் பின்னும் இழுத்துப் பாடியிருந்தார். அதைக் கேட்டு, இப்படி எனக்கு வராது என்று பாட்சி ஒதுக்கினார். உன் மாதிரியே பாடு என்று பிராட்லி மெட்டைச் சீராக்கிக் கொடுத்தார். அன்றைக்கு மூன்று மணி நேரத்தில் நான்கு பாட்டு முடிப்பது நாஷ்வில் வழக்கம். பாடகர், வாத்தியம், கோரஸ் எல்லாம் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். நம் ஊரில் பழைய சினிமாப் பாட்டுகள் பதிவான மாதிரியேதான். 'கிரேஸி' ஒன்றுக்கே நான்கு மணி நேரம் போனது. பாட்டு முடியவில்லை. விபத்தில் அடிபட்ட விலா எலும்பில் வலி. மேல்ஸ்தாயியில் மூச்சைப் பிடித்து நிற்க முடியவில்லை. பிராட்லி வாத்தியங்களை மட்டும் நல்லபடியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வலி குறைந்த பிறகு பாட்சி வந்து, அந்தப் பதிவின் மேல் ஒரே டேக்கில் பாடி முடித்தார்.

இன்று எல்லாருமே இப்படித்தான் பாடுகிறார்கள் என்பதால் இது சாதாரணமாகத் தெரியலாம். எல்லாரும் ஒன்றாக நின்று பாடிப் பழகிய ஒருவருக்கு, முன்பே முடிந்துபோன வாசிப்பின் மேல் தனியாக நின்று பாடுவது சிரமமான காரியம். வாத்தியக்காரர் அவருக்காக நிற்க மாட்டார். அவர்தான் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், ஒட்டுப்போட்ட தடம் எங்கேயும் தெரியாது. முதல் சொல்லில் குரல் மேலே இருந்து கீழே இறங்கும்போது பியானோ அதற்காகவே காத்திருந்து பதில் சொல்வது மாதிரி இருக்கும். கன்ட்ரியில் 2ஆம் இடம், பாப்பில் 9. அடுத்து 1962இல் காக்ரன் எழுதிய 'ஷீஸ் காட் யூ' மறுபடி முதலிடம். இந்த முறை பாட்டைக் கேட்டதுமே பாட்சிக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் பிராட்லிக்கும் ரசனை ஒன்றுசேர்ந்தது அந்தப் பாட்டில்தான் என்பேன்.

பணத்தில் அவர் பாடம் கற்றுக்கொண்டார். மேடை ஏற்பாட்டாளர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் கம்பி நீட்டுவது அப்போது சகஜம். பாட்சி மேடை ஏறும் முன்பே கையில் காசு வாங்கிவிடுவார். காசு இல்லை என்றால் கச்சேரி இல்லை. தான் பட்டது மற்றவர்கள் படக் கூடாது என்றும் நினைத்தார். விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, லொரெட்டா லின் என்ற புதுப் பாடகி ஒருத்தி வானொலியில் பாட்சியின் பாட்டைப் பாட்சிக்காகவே பாடியதைக் கேட்டு, அவளைக் கூட்டி வா என்று கணவரை அனுப்பினார். போட்டிக்கு வந்தவள் என்று நினைக்கவில்லை. உடை கொடுத்தார், தொழில் நுணுக்கம் சொல்லிக்கொடுத்தார். லொரெட்டா அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

இணையத்தில் நீங்கள் படித்திருக்கக்கூடிய சில விஷயங்களை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பதின்மூன்று வயதில் வந்த காய்ச்சலும் தொண்டை நோயும்தான் அந்தக் கணீர்க் குரலைக் கொடுத்தன என்பது அவரே சொன்ன கதை. நோய் வந்தது உண்மையாக இருக்கலாம். அதனால் குரல் வந்தது என்பதை நான் ஏற்க மாட்டேன், பத்து வருடம் இரவிரவாக மேடையில் பாடியதுதான் அந்தக் குரல். அதே போல, சாவு வரப்போவது முன்கூட்டியே தெரிந்து நண்பர்களிடம் சொன்னார் என்பார்கள். சொன்னவர்கள் நெருங்கிய தோழிகள், பொய் சொல்லவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் அந்தப் பேச்செல்லாம் சாவுக்குப் பிறகு நினைவுகூரப்பட்டவை. உறுதியானது இவ்வளவுதான்: 1963 மார்ச் 3 அன்று கான்சாஸ் சிட்டியில், விபத்தில் இறந்த ஒரு வானொலி அறிவிப்பாளரின் குடும்பத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் பாடினார். 5ஆம் தேதி வீடு திரும்பும்போது டென்னசி மாநிலத்து காம்டன் அருகே சிறு விமானம் விழுந்தது. ஓட்டிய மேனேஜர் ராண்டி ஹியூஸும் கூட வந்த பாடகர்கள் கவ்பாய் கோபாஸும் ஹாக்ஷா ஹாக்கின்ஸும் அவரோடு இறந்தார்கள். வயது முப்பது. 'ஐ ஃபால் டு பீசஸ்' வெளியானதிலிருந்து கணக்குப் பார்த்தால், நல்ல பாட்டு கையில் கிடைத்து அவர் வாழ்ந்தது இரண்டு வருடம் சொச்சம். 1973இல் கன்ட்ரி இசைக்கான ஹால் ஆஃப் ஃபேமில் தனிப் பாடகியாக இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். அவர் பாட்டுகளை 1967இல் தொகுத்து வெளியிட்ட ஆல்பம் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் காதாலேயே சரிபார்க்கலாம். 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' பாட்டை அவர் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார். முதலாவது 1956 நவம்பர், ஃபோர் ஸ்டாருக்காக. அதில் டான் ஹெல்ம்ஸின் ஸ்டீல் கிட்டார் பாட்டு முழுக்கக் கூடவே அழுதுகொண்டு வரும். இரண்டாவது 1961இல், விபத்துக்குப் பிறகு, ஜார்டனேர்ஸ் கோரஸோடு. பாட்டும் அதே பாட்டு, பாடகியும் அதே பாடகி. முதலில் பழையதைக் கேளுங்கள், உடனே புதியதைப் போடுங்கள். ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தில் கடைசி எழுத்தை அவர் எப்படி விடுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். பழையதில் முட்டித் தள்ளிக்கொண்டு அடுத்த வரிக்கு ஓடுவார். புதியதில் அவசரமே இருக்காது.